பழைய கமராவும் புதிய கமராவும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை, பெரகல என்னும் சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மேலேறுகின்றது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் காலையிலே நல்ல வெயில் காயும். பிற்பகலிலே பத்தடி தூரத்தில் நிற்பவரின் முகமும் தெரியாதபடி மூடுபனி கவிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாரலும் காற்றும் சேர்ந்து குடையைப் பறிக்கும். ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இத்தகைய இடத்திலே படம் பிடிப்பது எளிய காரியமன்று.

ஆயினும் இந்த மலைநாட்டுக் கடைத்தெருக்களிலே சிறு புகைப்பட நிலையங்கள் இல்லாமலில்லை. தோட்டத்துக் கலியாணம், பெண்பிள்ளைகளின் சடங்கு, கோயில் திருவிழா, மாசி பங்குனியில் நடக்கும் காமன் கூத்து, பாடசாலைப் பரிசளிப்பு விழா, அடையாள அட்டைக்கு வேண்டிய படம் ஆகிய யாவும் இந்த நிலையங்களை நம்பியே நடைபெறுகின்றன. இவற்றை நடத்துவோர் முன் ஒரு கேள்வி ஓயாது நிற்கின்றது. புதிய கமரா ஒன்று வந்திருப்பதாகச் செய்தி கிடைக்கின்றது. கையிலிருப்பதோ பழையது. அதை விற்றுவிட்டுக் கடன்பட்டேனும் புதியதை வாங்குவதா, அல்லது உள்ளதைக் கொண்டே தொழிலைத் தொடர்வதா? தவறான விடை கண்டால் கடன் ஏறும்; தொழிலும் கெடும். ஆதலால் இதை நிதானமாக ஆராய்வது பயனுடையதாகும்.

முதலிலே, இடைத்தரக் கமரா என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்போர் வாங்கும் சிறு கமரா ஒரு வகை. பெரும் பத்திரிகைகளின் விளையாட்டுப் படப்பிடிப்பாளர்கள் கையாளும் பெருவிலைக் கமரா மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, தொழிலுக்கு வேண்டிய உறுதியும், ஓரளவு தாங்கக்கூடிய விலையும் கொண்டது இடைத்தரக் கமரா. கலியாணப் படப்பிடிப்பாளர்களிற் பெரும்பாலோர் கையாள்வது இதுவே.

ஒப்பிடுவதற்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கமராக்களை எடுத்துக்கொள்வது நல்லது. ஜப்பானிய நிறுவனமான நிக்கோன், 2014 செப்டெம்பரில் டி750 என்னும் கமராவை அறிவித்தது. கண்ணாடியொன்று உள்ளே எழுந்து விழும் பழைய முறையில் அமைந்தது அது. 2018 ஆகஸ்டில் கண்ணாடியற்ற புதிய முறையில் இசட்6 வந்தது. 2020 ஒக்டோபரில் இசட்6 இரண்டாம் மாதிரியும், 2024 ஜூன் 17 அன்று மூன்றாம் மாதிரியும் அறிவிக்கப்பட்டன. பத்தாண்டுக் காலத்திலே நான்கு கமராக்கள். பிற நிறுவனங்களின் கமராக்களும் ஏறத்தாழ இதே பாதையில் வளர்ந்திருப்பதால், இங்கே கூறப்படுவது அவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

கமரா வாங்கச் செல்பவர் முதலிலே கேட்பது, எத்தனை மெகாபிக்சல் என்பதையே. படம் எத்தனை நுண்புள்ளிகளால் ஆனது என்பதை இந்த எண் குறிக்கின்றது. ஒரு மெகாபிக்சல் பத்து இலட்சம் புள்ளிகளாகும். வியப்பு என்னவெனில், 2014 இன் டி750 கொண்டிருப்பது 24.3 மெகாபிக்சல், 2024 இன் மூன்றாம் மாதிரி கொண்டிருப்பது 24.5 மெகாபிக்சல். பத்தாண்டுகளில் இந்த எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். காரணம் எளிது. தேவைக்கு அது போதும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ உரிய படம் 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் உடையது. தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் அந்தப் படத்துக்கு 413 புள்ளி அகலமும் 531 புள்ளி உயரமும் போதும். மொத்தம் இரண்டேகால் இலட்சத்துக்கும் குறைவு. 24 மெகாபிக்சல் என்பது அதைப் போல நூறு மடங்குக்கும் மேலானது. எட்டு அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் என்ற அளவிலே வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு 8.6 மெகாபிக்சல் போதும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலக் கலியாண அல்பத்தின் முழுப் பக்கத்துக்கு 19.4 மெகாபிக்சல் வேண்டும். ஆகவே தோட்டப் பகுதிப் புகைப்படக்காரர் எடுக்கும் எந்தப் படத்துக்கும் பத்தாண்டு பழைய கமராவின் புள்ளிகளே போதுமானவை. இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் புதியதை வாங்குவது அறிவுடைமையாகாது.

அப்படியானால் இந்தப் பத்தாண்டுகளில் மாறியது எது? புள்ளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவற்றைக் கமரா வாசிக்கும் வேகம் மாறிவிட்டது. ஒளியை ஏற்கும் தகட்டிலே புள்ளிகள் வயலின் வரப்புகள் போல வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. மின்முறையிற் படம் எடுக்கையில் கமரா முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொன்றாக வாசித்துச் செல்லும். வாசித்து முடிப்பதற்குள் எதிரிலுள்ள பொருள் நகர்ந்துவிட்டால், நேரான தடியும் வளைந்து தோன்றும். தப்படிப்பவரின் குச்சியும், ஆடுபவரின் கையும் இவ்வாறு கோணலாகப் பதிவதுண்டு. மூன்றாம் மாதிரியின் தகட்டோரங்களில் விரைவான மின்சுற்றுக்கள் சேர்க்கப்பட்டுள்ளன. முந்திய மாதிரியைவிட அது மூன்றரை மடங்கு விரைவாக வாசிக்கின்றது என்பது நிறுவனத்தின் கூற்று. டி750 ஒரு வினாடியில் ஆறரைப் படங்கள் எடுக்கும். இரண்டாம் மாதிரி 14 படங்கள் எடுக்கும். மூன்றாம் மாதிரி மின்முறையில் 20 படங்கள் எடுக்கும். ஓட்டப் போட்டியின் முடிவுக் கோட்டையும், காமன் கூத்தின் துள்ளல் ஆட்டத்தையும் படமாக்குவோருக்கு இது உண்மையான உதவி. மணவறையில் அமர்ந்திருக்கும் மணமக்களை எடுப்பவருக்கு இதனால் விளையும் நன்மை சிறிதே.

விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. வெயில் அடிக்கும் முற்றத்தையும், இருண்ட லயத்து வாசலையும் ஒரே படத்திற் காட்ட வேண்டியிருக்கும்போது, பிரகாசமும் இருளும் இரண்டுமே கெடாமல் பதிவாதல் வேண்டும். தகட்டுக்குரிய இந்தத் தாங்கும் ஆற்றல், குறைந்த ஐ.எஸ்.ஓ. அளவுகளில், மூன்றாம் மாதிரியில் முந்தியதைவிடச் சற்றுக் குறைந்திருப்பதைச் சோதித்தவர்கள் கண்டனர். இருளில் எடுத்த பகுதியைப் பின்னர் கணினியில் வெளிச்சமாக்கினால், புதிய கமராவின் படத்திலே மணல் தூவியது போன்ற புள்ளிகள் கொஞ்சம் முன்னதாகவே தோன்றும். ஐ.எஸ்.ஓ. உயர்ந்த இரவுப் படங்களில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. புதிய பொருள் பழையதை எல்லா வகையிலும் வெல்வதில்லை. ஒன்றைப் பெறுவதற்காக ஒன்றை விட்டுக்கொடுப்பது பொறியியலில் வழக்கமே.

மலைநாட்டிலே மிகவும் வேண்டப்படுவது குறை ஒளியில் குவியம் காணும் திறமை. தோட்டத்து மண்டபங்களில் வெளிச்சம் போதாது. இரவுக் கூத்திலே சில மின்குமிழ்களே எரியும். பெரகலவின் மூடுபனியிலோ பகலும் மங்கலாகிவிடும். கமரா எவ்வளவு இருளில் தானாகக் குவியம் காணும் என்பதை ஈ.வி. என்னும் அளவினாற் கூறுவர். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி பாதியாகும். டி750 கழித்தல் 3 வரையும், இரண்டாம் மாதிரி கழித்தல் 4.5 வரையும், மூன்றாம் மாதிரி கழித்தல் 10 வரையும் இயங்கும் என்று விளம்பரத் தாளில் காணப்படுகின்றது. கழித்தல் 3 என்பதே முழுநிலவொளியை அண்மிய மங்கலாகும். கழித்தல் 10 என்றதும் வாங்குபவரின் மனம் துள்ளும். ஆனால் அங்கே சிற்றெழுத்தில் உள்ளதையும் படிக்க வேண்டும். இரண்டாம் மாதிரியை அளந்தது எஃப் 2 வில்லையைக் கொண்டு. மூன்றாவதை அளந்தது அதைவிட அகலத் திறக்கும் எஃப் 1.2 வில்லையைக் கொண்டு. பெரிய படியாலும் சிறிய படியாலும் அளந்த நெல்லை எண்ணிக்கை பார்த்து ஒப்பிடுதல் முறையன்று. எஃப் 1.2 வில்லையின் விலையோ கமராவின் விலைக்குச் சற்றும் சளைத்ததன்று. முன்னேற்றம் உண்மையே, அதன் அளவுதான் எண்கள் காட்டுவது போன்றதன்று.

குவியத்தில் வேறொரு முன்னேற்றம் எண்களால் அளவிடப்படாதது. பழைய டி750 இன் 51 குவியப் புள்ளிகள் படச்சட்டத்தின் நடுப்பகுதியிலேயே நெருங்கி நிற்கின்றன. கண்ணாடியற்ற கமராக்களோ சட்டத்தின் ஓரங்கள் வரை பரந்து, மனிதரின் முகத்தையும் கண்ணையும் தாமாகவே இனங்கண்டு தொடர்கின்றன. மணமகள் மாலையுடன் நடந்து வருகையில், படம் எடுப்பவர் குவியத்தைப் பற்றிக் கவலை கொள்ளாது முகபாவத்தையே கவனிக்கலாம். கலியாணத் தொழில் செய்வோருக்கு இதுவே பெரும் லாபம். முதல் இரு இசட்6 மாதிரிகளிலும் இந்த வசதி உண்டு. மூன்றாவதில் அது மேலும் நுட்பமாயிற்று.

இனி, நினைவட்டைகளின் கதை. டி750 இல் இரண்டு அட்டைகள் செருகலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். 2018 இன் இசட்6 இல் ஓரட்டைக்கே இடமிருந்தது. தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் பலர் குறைகூறினர். 2020 இல் இரண்டாம் இடம் மீண்டும் வந்தது. பார்ப்பதற்கு இது சிறு விஷயம். ஆனால் தாலி கட்டும் கணத்தை மீண்டும் நடத்திக் காட்டுமாறு எவரையும் கேட்க முடியாது. பெரகலவிலிருந்து இறங்கும் பாதையிலுள்ள கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியது. அத்தகைய அனர்த்தத்திலே வீட்டோடு வீட்டுச் சுவரிலிருந்த படங்களும் பத்திரங்களும் போய்விடுகின்றன. பின்னர் பிழைத்தவர் தேடி வருவது, என்றோ படம் எடுத்த நிலையத்தையே. அங்கே ஒரு பிரதி பாதுகாக்கப்பட்டிருந்தால், மறைந்த தாயின் முகம் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே புதிய கமராவுக்குச் செலவிடுமுன், எடுத்த படங்களை இரண்டு வேறு இடங்களில் வைத்துப் பேணும் ஏற்பாட்டுக்குச் சிறிது செலவிடுதல் முதற் கடமையாகும்.

படத்தின் பெறுமதி இந்த மலைநாட்டுக்கு நன்கு தெரியும். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையிலே அவரது கல்லறை இருக்கின்றது. அவருடைய காலத்தில் கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அது ஈரம் உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் விட வேண்டும். அவர் இங்கே படம் பிடித்த எளிய மக்கள் பலரின் பெயர்கள் பதிவாகவில்லை. 1890 இல் கொழும்பிலே தொடங்கிய பிளேட் நிறுவனம் முதலான நிலையங்களும் இலங்கைக் காட்சிகளைப் படமாக்கி விற்றன. கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம் கடல் கடந்தது. அப்பெண்ணின் வீட்டுச் சுவருக்கு அது வரவில்லை.

பிற்காலத்தில் நிலை வேறாயிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலையகத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ள, 1964 ஒக்டோபரிலே இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தன. 525,000 பேருக்கு இந்தியா குடியுரிமை வழங்குவதென்றும், 300,000 பேருக்கு இலங்கை வழங்குவதென்றும் அப்போது முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசப்படுவதாக விடப்பட்டது. கடல் கடந்து போவோருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கமராவின் முன் அமர்ந்தோர் அன்று பலர். இன்றும் அடையாள அட்டைக்குரிய படம் சரியில்லையென்று விண்ணப்பம் திரும்பி வந்தால், ஒரு நாட் சம்பளத்தை இழந்து மீண்டும் பஸ் ஏற வேண்டியவர் தோட்டத் தொழிலாளியே. அந்தப் படத்துக்கு வேண்டியது புதிய கமராவன்று; சமமான வெளிச்சம், வெறுமையான பின்புறம், நேரான முகம், தொழிலைக் கவனமாகச் செய்யும் மனம் ஆகியவையே.

பட்டரியைப் பற்றியும் ஒரு சொல். இங்கே பழையதே வெல்கின்றது. டி750 ஒருமுறை மின்னேற்றினால், நியம அளவீட்டின்படி 1,230 படங்கள் எடுக்கும். கண்ணாடியற்ற கமராவில் சிறு மின்திரை ஓயாது எரிவதால், இசட்6 இன் அளவு 310 ஆகக் குறைந்தது. மூன்றாம் மாதிரியிலும் அது 360 அளவிலேயே நிற்கின்றது. நடைமுறையிலே இதனினும் அதிகம் எடுக்கலாமெனினும் விகிதம் ஏறக்குறைய இதுவே. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை இந்நாட்டார் மறந்திருக்கமாட்டார்கள். புதியதை வாங்குவோர் மேலதிகப் பட்டரிகள் இரண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

வில்லைகள் இன்னுமொரு செலவு. நிக்கோனின் பழைய பொருத்துவாய் 1959 இல் தோன்றியது. அறுபதாண்டுக் கால வில்லைகள் அதற்கெனச் செய்யப்பட்டவை. இசட் வரிசையின் வாய் வேறு. இடையே ஓர் இணைப்பியை வைத்துப் பழைய வில்லைகளைப் பொருத்தலாம். ஆயினும் உள்ளே மோட்டார் இல்லாத பழைய வில்லைகள் அதிலே தாமாகக் குவியம் காணமாட்டா. ஆகவே டி750 இலிருந்து மாறுபவர் வாங்குவது ஒரு கமராவை மட்டுமன்று. காலப்போக்கில் ஒரு பெட்டி நிறைந்த வில்லைகளையும் வாங்க நேரிடும்.

இப்போது பணக் கணக்குக்கு வரலாம். 2014 இல் டி750 அறிவிக்கப்பட்டபோது அதன் விலை ஏறத்தாழ 2,300 அமெரிக்க டொலர். அன்று ஒரு டொலர் சுமார் 130 ரூபாய். ஆக மூன்று இலட்சம் ரூபாய். 2024 இல் மூன்றாம் மாதிரியின் அறிவிப்பு விலை 2,500 டொலர். டொலர்க் கணக்கிலே பெரிய உயர்வு இல்லை. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்தது. 2024 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 300 ரூபாயாக இருந்தது. ஆக ஏழரை இலட்சம் ரூபாய். வரியும் வியாபாரியின் லாபமும் இதற்குப் புறம்பு. அதே ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கமரா 555 நாட் சம்பளத்துக்குச் சமம். கமராவின் விலையைப் புகைப்படக்காரர் எங்கிருந்து மீட்பார்? கலியாண வீட்டாரிடமிருந்தே. கலியாண வீட்டாரின் பணமோ கொழுந்துக் கூடையிலிருந்தே வருகின்றது. விலை ஏறினால், ஒரு குடும்பம் அல்பத்தையே கைவிட்டுக் கைத்தொலைபேசிப் படங்களோடு அமைந்துவிடும். அப்போது இரு தரப்பாருக்கும் நட்டமே.

கைத்தொலைபேசி நல்ல படம் எடுக்காதா என்று சிலர் கேட்கலாம். நல்ல வெயிலிலே நன்றாகவே எடுக்கும். ஆனால் அதன் ஒளித்தகடு நகத்தளவே ஆனது. முழுச்சட்டக் கமராவின் தகடு 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர் பரப்புடையது. மழைக்கு வைத்த குடமும் கிண்ணமும் போன்றவை இவை. இருள் சூழ்ந்த மண்டபத்திலே எது அதிக ஒளியை ஏந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கமராவாயினும் இம்மலைப்பகுதியில் அதன் பெரும்பகை ஈரமே. நீராவி செறிந்த காற்றில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் வில்லையின் கண்ணாடியிலே பூஞ்சணம் நூல் நூலாகப் படரும். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை இட்டு வைப்பதும், அவ்வப்போது வில்லைகளை வெளியிலெடுத்துக் கையாள்வதும் நல்ல காவல். மூடுபனியிலிருந்து சூடான அறைக்குள் வந்தவுடன் கமராவைத் திறத்தல் கூடாது. பையிலேயே சற்றுநேரம் இருக்கவிட்டால் உள்ளே நீர்த்துளி படியாது. பழையதைப் பேணாதவரிடம் புதியதும் நெடுநாள் தங்காது.

முடிவாக, யார் எதைக் கொள்ளலாம்? அடையாளப் படங்களும், பகற்பொழுது விழாக்களும் தொழிலாயின், டி750 போன்ற கமரா இன்றும் குறைவற்றது. கலியாணங்களே பெரும்பகுதித் தொழிலாயின், இரண்டாம் மாதிரி போன்ற, கண்ணைத் தொடரும் திறமையும் இரண்டு அட்டைகளும் உள்ள கமராவைப் பழகிய நிலையில் வாங்குவது மிகச் சிக்கனமான வழியாகும். அவ்வாறு வாங்கும்போது அதன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கின்றது என்பதைக் கேட்டறிய வேண்டும். டி750 இன் ஷட்டர் 150,000 முறைக்கும், இசட்6 வரிசையின் ஷட்டர் 200,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. இரவு ஆட்டம், விளையாட்டு, உயர்தர அசையும் படம் ஆகியவற்றுக்கு இடையறாது அழைப்பு வருமாயின், மூன்றாம் மாதிரி போட்ட பணத்தைத் திருப்பித் தரும். அழைப்பு முதலில் வரவேண்டும்; கமரா அதன் பின் வரலாம். கமராவை வாங்கிவிட்டு அழைப்பை எதிர்பார்த்திருந்தால், கடனுக்குரிய வட்டி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.